வெள்ளரிக் காவல்

ஜூன் 4

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் நீங்களும் அம்மாவும் கத்திக்கொள்கிறீர்கள். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். உங்கள் ஊரில் பால் எடுத்துக்கொண்டு தினமும் எங்கள் நாற்றுப் பண்ணையைக் கடந்து போகும் பால்வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். "கடுதாசியா? இந்தக் காலத்துலயா?" என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றதும் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியாது.

அன்று நீங்கள் இருவரும் சண்டை போட்டபோது நான் பின்னால் நின்று நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "உன் களைக்கொல்லிதான்டா என் நாத்தையெல்லாம் தின்னுது" என்று அம்மா சொன்னதும், "உனக்கு நாத்து வளக்கத் தெரியல, பழியை எதுக்கு என் தலையில போடுறே? என் நம்பரை அழிச்சிடு" என்று நீங்கள் சொன்னதும் எனக்குக் கேட்டது. அம்மா அழித்துவிட்டாள். அதன்பிறகு முப்பது தட்டு வெள்ளரி நாற்றைக் குப்பையில் கொட்டினோம். மூன்றாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. விதை நன்றாக முளைக்கிறது. முதல் இரண்டு விதையிலைகள் கொழுகொழுவென்று வருகின்றன. அடுத்து வரும் இலை ஓரத்தில் மஞ்சளாகி, பிறகு காய்ந்த காகிதம் போல் ஆகிவிடுகிறது. உரமா, மண்ணா, தண்ணீரா என்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அதனால் பன்னிரண்டு தொட்டிகளில் வாய்க்கால் தண்ணீர், பன்னிரண்டில் மழைத் தண்ணீர், பன்னிரண்டில் காய்ச்சி ஆறவைத்த வாய்க்கால் தண்ணீர் என்று ஊற்றினேன். மண், விதை, வெயில் எல்லாம் ஒன்றுதான். மழைத் தண்ணீர்ச் செடிகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. காய்ச்சினாலும் அது போகவில்லை, மாமா. குடிக்க எங்களுக்கு ஊர்க் குழாய் இருக்கிறது. பண்ணைக்கு வாய்க்காலை விட்டால் ஒரு பீப்பாய் மழைத் தண்ணீர்தான். அது நான்கு நாளைக்கு வரும்.

ஆகஸ்ட் கடைசிக்குள் நாற்று கொடுப்பதாக அம்மா காய்கறித் தோட்டக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் செத்தால் நிழல்வலையைப் பிரித்துவிட்டு, பழம் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போகப் போகிறாளாம். அழாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாய்க்கால் உங்கள் நிலத்தைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது. உங்கள் நிலத்துக்கு மேலே ஒரு கேனும் கீழே ஒரு கேனும் வாய்க்கால் தண்ணீர் பிடித்து அனுப்புவீர்களா? நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. தண்ணீரைத்தான் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 15

மாண்புமிகு பேராசிரியைக்கு,

பதில் தாமதம். காரணம், நானும் சோதனை செய்துகொண்டிருந்தேன். நீ மட்டும்தான் செய்வாயா?

பன்னிரண்டு டப்பா. நல்ல மண். என் நிலத்துக்குக் கீழே ஓடும் அதே வாய்க்கால் தண்ணீரை ஊற்றினேன். விதை என்னுடைய மக்காச்சோளம்தான், வீட்டில் இருந்த நல்ல விதை. பத்து நாளில் பன்னிரண்டும் கிளிப்பச்சையாக நிற்கின்றன. ஓரத்திலும் மஞ்சள் இல்லை, நடுவிலும் மஞ்சள் இல்லை. உன் அத்தை சாட்சி. அவள் எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

ஆகவே தண்ணீரில் ஒன்றும் இல்லை. உன் அம்மாவிடம் சொல்.

இன்னொன்று. பக்கத்து நிலத்துக்காரன் மருந்தடித்துவிட்டு மிச்சத்தை டேங்கிலேயே ஊறவிடுவான். அது ஒழுகி வரப்பெல்லாம் நாறும். நான் அப்படி இல்லை. அடித்து முடித்த கையோடு மதகடிக்குக் கொண்டுபோய், டேங்கை மூன்று முறை அலசி, கவிழ்த்து, சொட்டுகூட இல்லாமல் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இந்த வட்டாரத்திலேயே என் டேங்க்தான் சுத்தம். என்னைப் போய் என் அக்கா சொல்கிறாள்.

கேட்டாய் என்பதற்காக இரண்டு கேன் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மூடி மேல் தண்ணீர், நீல மூடி கீழ்த் தண்ணீர். பால்வண்டிக்காரர் முணுமுணுத்தார். கண்டுகொள்ளாதே.

மாமா


ஜூலை 1

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

சிவப்பு மூடித் தண்ணீர் ஊற்றிய வெள்ளரி பன்னிரண்டும் பச்சை. நீல மூடி பன்னிரண்டும் மஞ்சள். தொட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். எதில் எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதபடி வேதியியல் டீச்சரைத் தொட்டிகளில் எண் ஒட்டச் சொல்லியும் பார்த்தேன். அப்போதும் அதே முடிவுதான். டீச்சர், "செடி சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு மருந்து இருக்குன்னு ஒரு எண்ணும் கையில இருக்கணும்" என்று சொல்லி, இரண்டு தண்ணீரையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

உங்கள் மக்காச்சோளத்தைப் பற்றி நூலகப் புத்தகத்தில் தேடினேன். அந்தக் களைக்கொல்லி இலைகள் வெயிலிலிருந்து உணவு தயாரிப்பதைத் தடுத்துவிடுமாம். ஆனால் மக்காச்சோளத்துக்கு மட்டும் அதை உடைத்துச் செரித்துக்கொள்ளத் தெரியுமாம். அதனால்தானே அந்த மருந்தை மக்காச்சோளக் காட்டுக்கு என்று விற்கிறார்கள்? மக்காச்சோளத்தைக் கேட்டால் அது உங்கள் கட்சியில் நின்றுதான் பேசும். வெள்ளரியிடம் கேட்டிருக்க வேண்டும்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

மதகடி என்று எழுதியிருந்தீர்களே, அது வாய்க்கால் மதகுதானே? அந்த வரியைப் பதினொரு முறை படித்தேன். மூன்று முறை அலசிய தண்ணீர் எங்கே போகும், மாமா? வயலில் அடித்தது பெரும்பாலும் மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் டேங்க் அலசிய தண்ணீர் நேராக வாய்க்காலில் விழுந்தால் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நீங்கள் அழுக்காக இருந்ததால் வந்தது இல்லை இது. சுத்தமாக இருந்ததால் வந்தது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் மருமகள்


ஜூலை 4

என் டேங்கை எங்கே அலசுவது என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு செய்யவேண்டிய நிலைமை எனக்கு வரவில்லை.

அம்மாவிடம் தாராளமாகச் சொல். சந்தோஷப்படட்டும். இத்தனை வருஷமாக அலசுகிறேன். அப்போதெல்லாம் செத்ததா அவள் நாற்று?

மக்காச்சோள டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மாமா

பி.கு. உன் அத்தை உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மக்காச்சோளம் என்ன சொல்லுது?" என்று கேட்கிறாள். இந்த வீட்டில் நிம்மதியாக உட்காரக்கூட முடியவில்லை.


ஜூலை 13

அன்புள்ள மாமா,

"அப்போதெல்லாம் செத்ததா" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. போன வருஷம் வரை எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அது வற்றியபிறகுதான் வாய்க்காலில் மோட்டார் போட்டோம். அதனால்தான் அப்போது சாகவில்லை.

எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. அதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் குறையலாம்.

தண்ணீரிலிருந்து களைக்கொல்லியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும் என்று படித்தேன். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான ஓட்டைகள் இருக்கின்றனவாம். தண்ணீர் தாண்டிப் போய்விடும், மருந்து ஒட்டிக்கொள்ளும். உடனே தீவனக் கடையில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளை ஒரு மூட்டை வாங்கிவந்து கொல்லையில் எரித்தேன். நன்றாக எரிய வேண்டும் என்று விசிறிக்கொண்டே இருந்தேன். வெள்ளையாக நிறைய கிடைத்தது. அதைப் பீப்பாயில் போட்டு, மேலே மணல் போட்டு, வாய்க்கால் தண்ணீரை ஊற்றினேன். கலங்கலாக வந்தது. பரவாயில்லை என்று அம்மாவின் அவரைத் தட்டு ஒன்றில் தெளித்துவிட்டேன்.

இரண்டே நாளில் நாற்பது நாற்றும் கருகிவிட்டன. களைக்கொல்லிகூட இவ்வளவு வேகமாகக் கொல்லவில்லை.

"எவடி இதுல சாம்பலைக் கொட்டினது?" என்று அம்மா கேட்டாள். பண்ணையில் நானும் அவளும்தான் இருக்கிறோம். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உங்கள் கடிதங்களையும் கேட்டாள். கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உட்கார்ந்து படித்தாள். மக்காச்சோளச் சோதனை வந்ததும், "அதுகிட்டப் போய்க் கேட்டானா! லூசுப் பய!" என்று சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அப்புறம் மதகு வரி வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன்.

"மூணு தடவையா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சின்ன வயசுலயே அப்படித்தான். சாப்பிட்ட தட்டைக்கூட மூணு தடவை அலசுவான். ஒரு தடவை போதும்டான்னா கேக்கவே மாட்டான்" என்றாள். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 17

பேராசிரியைக்கு,

கரி வேறு, சாம்பல் வேறு. விசிறி விசிறி எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். சாம்பல் தண்ணீர் கிட்டத்தட்டச் சோப்புத் தண்ணீர். அவரை பிழைக்குமா? இவ்வளவு புத்தகம் படிக்கிறவளுக்கு நெருப்பை மூடத் தெரியவில்லை. இந்த வாரம் நான் சிரித்தது அதற்குத்தான்.

என் கொட்டகைக்குப் பின்னால் மக்காச்சோளக் கட்டை மலை மாதிரி கிடக்கிறது. வருஷா வருஷம் கொளுத்திவிடுவேன். இந்தத் தடவை பழைய இரும்பு டிரம்மில் திணித்து, மேலே ஒரே ஒரு ஓட்டை விட்டு மூடி, வெளியே தீ மூட்டினேன். முதல் டிரம் பாதி வெந்தும் பாதி வேகாமலும் வந்தது. இரண்டாவதில் புகை அடங்கும்வரை காத்திருந்து ஓட்டையையும் மண்ணால் அடைத்தேன். மறுநாள் திறந்தால் உள்ளே கட்டை கட்டையாகவே இருக்கிறது, ஆனால் கன்னங்கரேல். தட்டினால் கண்ணாடி மாதிரிச் சத்தம். உன் அத்தையும் நானும் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறோம். எத்தனை முறை கழுவினேன் என்று கேட்காதே.

தட்டு விஷயத்தை உன் அத்தை இரண்டு முறை என்னைப் படிக்கச் சொன்னாள். அக்கா அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

மதகடியில் அலசுவதை நிறுத்திவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை பழக்கத்தில் டேங்கோடு அங்கேயே போய் நின்றுவிட்டேன். கீழே தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதைத்தான் இத்தனை நாள் பார்த்தேன். டேங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது அது கொட்டகையில் அலசாமல் கிடக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கே அலசுவது? அதையும் நீயே சொல்.

மாமா


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமா,

பச்சை! பன்னிரண்டில் பதினொன்று பச்சை! பன்னிரண்டாவதைப் பூனை தோண்டிவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று டீச்சரே சொல்லிவிட்டார். நீங்கள் நிறுத்தியபிறகும் வாய்க்காலில் மிச்சம் இருக்கிறது போல, வடிகட்டாமல் ஊற்றிய பன்னிரண்டும் மஞ்சள்தான்.

ஒழுங்காகச் சொல்கிறேன். பீப்பாயில் கீழே ஜல்லி, அதன்மேல் மணல், பிறகு உங்கள் கரி, மறுபடி மணல், மேலே துணி. முதல் நாள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன், தண்ணீர் தடதடவென்று ஓடிவந்தது. அம்மா பார்த்துவிட்டு, "கரி பிடிச்சுக்கணும்னா தண்ணி அதுகிட்ட கொஞ்ச நேரம் நிக்க வேணாமா? பஸ் நிக்காமப் போனா யாரு ஏறுவா?" என்றாள். குழாயைச் சொட்டுச் சொட்டாக வரும்படி இறுக்கினாள். இந்த விஷயம் நான் படித்த பக்கத்திலேயே இருந்தது. நான் அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டிருந்தேன்.

கரி ஒருநாள் நிறைந்துவிடும். அதற்குமேல் பிடிக்காது. எப்போது நிறையும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கும் அம்மாதான் வழி சொன்னாள். பீப்பாய்க் குழாயடியில் எப்போதும் ஒரு வெள்ளரித் தொட்டி இருக்கும். முதல் தண்ணீர் அதற்குத்தான். அதன் இலை ஓரம் மஞ்சளானால் மற்ற செடிகளுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கரியை மாற்ற வேண்டும். "காவலுக்கு ஒண்ணு நிக்கட்டும்" என்றாள். நாங்கள் அதை வாட்ச்மேன் என்று கூப்பிடுகிறோம்.

நேற்று எண்பது தட்டு விதைத்துவிட்டோம். இதுதான் கடைசித் தடவை என்று அம்மா இப்போது சொல்வதில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொல்கிறாள்.

உங்கள் டேங்குக்கு வருகிறேன். வாய்க்காலைவிட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டுங்கள். அடியில் களிமண்ணை நன்றாக மிதித்துப் பூசுங்கள். வைக்கோல், மக்கிய எரு, வயல் மண் மூன்றையும் கலந்து நிரப்பி, மேலே புல் வளரவிடுங்கள். டேங்க் அலசிய தண்ணீரை அதில் ஊற்றினால் வைக்கோலில் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். நிறைந்துபோன கரியையும் அதிலேயே போடலாம். மழை விழாமல் மேலே தகரம் போட வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பி வழிந்துவிடும். அந்தக் குழியில் மூன்று முறை என்ன, முப்பது முறை வேண்டுமானாலும் அலசலாம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அப்புறம், முப்பது என்பதை அடித்துவிடச் சொன்னாள், அவன் செய்தாலும் செய்வான் என்று. நான் அடிக்கவில்லை.

நீங்கள் இப்போது தூங்குகிறீர்களா?

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 9

பேராசிரியைக்கு,

குழி வெட்டிவிட்டேன். வாய்க்காலிலிருந்து நாற்பது தப்படி. உன் அத்தை தனியாக நடந்து எண்ணி, நாற்பத்தாறு என்கிறாள். அவள் கால் சின்னது.

பக்கத்து நிலத்துக்காரன் வேலியோரம் நின்று, "என்னப்பா, டேங்குக்குக் கல்லறை கட்டுறியா?" என்று கேட்டான். "உன் டேங்கையும் கொண்டா, பக்கத்துலயே புதைக்கலாம்" என்றேன். போய்விட்டான். நேற்று வந்து, குழிக்கு வைக்கோல் எவ்வளவு போட்டாய் என்று மெதுவாகக் கேட்டான். உன் கடிதத்தைக் காட்டினேன். பிறகு அவனும் என் குழியிலேயே அலசிவிட்டுப் போனான். ஒரே ஒரு முறை. இன்னும் இரண்டு முறை நானே அவனுக்காக அலசினேன்.

இன்னும் இரண்டு மூட்டைக் கரி அனுப்பியிருக்கிறேன். "நான் ஓட்டுறது பால்வண்டியா, கரிவண்டியா? கேன்ல கரி ஒட்டினா என் வேலை போயிடும்" என்று பால்வண்டிக்காரர் கத்தினார். சாக்கைத் துணியால் சுற்றிக் கொடுத்தேன்.

தூங்குகிறேன்.

எண்பது தட்டும் எப்படி இருக்கின்றன என்று எழுது. நான்காவது இலை வரும்வரை எழுதிக்கொண்டே இரு.

மாமா


ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமா,

எண்பது தட்டும் போய்விட்டன. பயப்படாதீர்கள், தோட்டக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவர் தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஒவ்வொரு இலையின் அடியிலும் பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். "எப்படிம்மா இவ்வளவு பச்சையா வந்தது?" என்று கேட்டார். "என் தம்பி கரி அனுப்பினான்" என்றாள் அம்மா.

"என் தம்பி" என்றுதான் சொன்னாள். ஜூன் மாதத்தில் "அவன்" என்றுகூடச் சொல்லாமல் "மேலே இருக்கிறவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து எண்ணும் வந்துவிட்டது. உங்கள் சிவப்பு மூடித் தண்ணீரில் ஒன்றும் இல்லை. நீல மூடியில் அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு. பீப்பாயிலிருந்து வந்த தண்ணீரை டீச்சர் பிறகு அனுப்பியிருந்தார். அதில் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அறிக்கையை நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆனால் மாமா, வாய்க்கால் எங்கள் பண்ணையோடு நின்றுவிடுவதில்லையே. எங்களுக்குக் கீழேயும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் கரி இருக்காது. அதனால் பீப்பாயைவிட உங்கள் குழிதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

இதோடு ஒரு தட்டு வெள்ளரி நாற்று வருகிறது. தட்டின் ஓரத்தில் தேதி எழுதி ஒட்டியிருப்பது அம்மா கையெழுத்து. கொடுக்கும்போது, "அவன் நம்பர் என்னடி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த நிமிஷம் அவளே ஒரு எண்கூடத் தப்பாமல் வாய்விட்டுச் சொன்னாள். அழித்தாளே தவிர மறக்கவில்லை. போனை எடுத்தாள், வைத்துவிட்டாள், "வயல்ல இருப்பான்" என்றாள்.

நீங்கள் வயலில் இல்லாத நேரம் எது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 8

பேராசிரியைக்கு,

நீ கேட்ட நேரத்தை நான் எழுதுவதற்குள் போன் வந்துவிட்டது. பத்தொன்பது நிமிஷம் பேசினோம். அதில் பதினைந்து நிமிஷம் கத்தினோம். அவள் கிணறு வற்றியதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன், நான் எப்போதாவது கேட்டேனா என்று அவள் கத்தினாள். உன் அத்தை பக்கத்து அறையில் பாத்திரத்தை வைத்துவிட்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வைக்கும்போது உன் அம்மா, "டேய், கட்டையை எரிக்காம வச்சிரு, எனக்கு வேணும்" என்றாள். எரிப்பேனா?

அதனால் கடிதத்தை நிறுத்திவிடாதே. போனில் நான் உருப்படியாக எதையும் சொல்வதில்லை.

வந்த நாற்றில் பெரும்பகுதியை வீட்டுப் பக்கம் நட்டோம். ஒன்றை மட்டும் மதகடியில் நட்டிருக்கிறேன், நான் முன்பு டேங்கைக் கவிழ்த்து அலசிய கல்லுக்குச் சற்றுக் கீழே. அதற்கு வேறு தண்ணீர் கிடையாது. தினமும் வாய்க்காலிலிருந்து அள்ளி ஊற்றுகிறேன். பக்கத்து நிலத்துக்காரனிடமும் சொல்லியிருக்கிறேன், இது உனக்கும் சேர்த்துத்தான் நிற்கிறது என்று. அந்த இலை மஞ்சளானால் அக்காவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இனி அவள் எனக்குப் போன் செய்து சொல்லும்படி வைக்கக் கூடாது.

நட்டு எட்டு நாள் ஆகிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். ஆறு இலை. ஆறும் பச்சை.

மூன்று முறை எண்ணினேன்.

மாமா